சூடேற விடாத நிலையம்

கட்டடத்தைவிடப் பெயர்ப்பலகை நீளமான இடம் கல்முனைப் பட்டினத்தில் ஒன்றுதான் உண்டு. 'தென்கிழக்குப் பிராந்திய மின்னியல் உபகரண உறுதிநிலைப் பரிசோதனை மற்றும் அத்தாட்சி நிலையம்' என்று சுவரில் எழுதிக்கொண்டே வந்த பெயின்டர் கடைசிச் சொல்லுக்கு வந்தபோது சுவர் முடிந்துவிட்டது. 'நிலையம்' என்பதைப் பக்கத்துத் தையல்கடைச் சுவரில் எழுதிவிட்டுப் போனார். அன்றிலிருந்து தையல்காரரும் நினைத்த நேரத்தில் கதவைச் சாத்துகிறார். பொத்தான் தைக்கக் கொடுத்தாலும் "அடுத்த கிழமை வந்து பாருங்க" என்கிறார்.

நிலையம் தொடங்கிய நாளிலிருந்து அங்கே ஒரு பொருள்கூடப் பெயிலானதில்லை. கடலில் விழுந்து, சில நாள் கழித்துக் கரைவலையில் சூடை மீனோடு ஏறிவந்த போன் சித்தி, அதாவது பாஸ். கறையான் குடியிருந்த மடிக்கணினி விசேட சித்தி. உள்ளே உயிரோட்டம் காணப்பட்டதாம். இறக்காமத்தில் யானை மிதித்த தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று சாக்கில் வந்தது. முன்பைவிட மெல்லியதாகவும் இடத்தை அடைக்காததாகவும் இருக்கிறது என்று பாராட்டி அனுப்பிவைத்தார்கள். வாசலில் 'நூறு வீதம் சித்தி' என்று ஒரு பதாகை தொங்குகிறது. காகங்கள்கூட அதன்மேல் மரியாதையாக உட்காருவதாகச் சொல்கிறார்கள்.

இந்த நிலையத்தின் கையில்தான் ஸம்றாவின் குடும்பம் அகப்பட்டது.

ஸம்றா சாய்ந்தமருதுக்காரி. இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்த மாதிரி கணினியில் காட்டுவது அவளுடைய தொழில். துபாயில் வீடு விற்கிற கம்பனி ஒன்று வரைபடம் அனுப்பும். ஸம்றா அதற்குச் சுவர் எழுப்பி, கூரை போட்டு, முற்றத்தில் பேரீச்சை நட்டு, வாசலால் நுழைந்து குசினி வரை நடந்து பார்க்கிற படமாக்கிக் கொடுப்பாள். இந்தப் பாரம் முழுவதையும் இழுப்பது கணினிக்குள் இருக்கிற கிராபிக்ஸ் கார்ட். செங்கல்லின் அளவில், இரண்டு காற்றாடி வைத்த சாமான்.

அந்தச் செங்கல்லை நம்பித்தான் அவளுடைய கணவன் முர்ஷித் கட்டாரில் லொறி ஓட்டியதை விட்டு ஊருக்கு வந்தான். மகள் ஹனா பிறந்தபோது அவன் அங்கேதான் இருந்தான். பிள்ளைக்கு வாப்பா என்றால் போன். போன் அடித்தால் "வாப்பா" என்று ஓடிப்போய் முத்தமிடும். அடிக்காத நேரம் அதைத் தலையணையில் கிடத்திப் போர்த்திவிடும். முர்ஷித் உயிரும் உடலுமாக வாசலில் வந்து நின்ற அன்று, யாரோ அந்நிய ஆள் வந்துவிட்டானென்று வீரிட்டு, போனைத் தூக்கி அதனிடமே முறையிட்டது. அந்தப் பிள்ளை அவன் தோளில் தூங்கப் பழகியது இப்போதுதான்.

இப்போதுதான் கார்டுக்கும் கேடு வந்தது. தொடங்கும்போது நன்றாக ஓடும். அரை மணித்தியாலம் இடைவிடாமல் உழைத்தால் சூடேறி, திரை முழுக்கப் பச்சையும் ஊதாவுமாகக் கோடு விழுந்து, பிறகு கறுத்துவிடும். ஆறவிட்டால் மறுபடி நல்ல பிள்ளை. ஆனால் ஒரு வீட்டுப் படம் முடிய இரவும் பகலும் நிறுத்தாமல் ஓடவேண்டும். துபாய்க் கம்பனி ஒரு ஹோட்டல் வேலையைக் கொடுத்து, மாத முடிவுக்குள் வராவிட்டால் வேறு நாட்டு ஆளிடம் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டது. கட்டார் ஏஜென்சிக்காரனுக்கு இது எப்படி மணத்ததோ தெரியாது, "விசா ரெடி, எப்ப வாறீங்க?" என்று முர்ஷிதுக்கு அடிக்கத் தொடங்கினான்.

கார்டை விற்ற கடைக்காரர் இப்றாஹிம் ஹாஜியார் நல்ல மனிதர்.

"உத்தரவாதம் இந்த மாசக் கடைசி வரைக்கும் இரிக்கி மகள். கார்டத் தாங்க, புதுசு தாறன். ஆனா நிலையத்தில பழுது எண்டு சீல் குத்தித் தரணும். அது இல்லாட்டிக் கம்பனிக்காரன் ஏத்துக்கொள்ள மாட்டான்."

"பழுதாகிறத போன்ல வீடியோ எடுத்து வெச்சிரிக்கன் ஹாஜி. பாருங்க."

"நான் பாத்து என்ன செய்ற? சீல் பாக்கணும்."

நிலையத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் றாஸிக், கார்டை இரண்டு கையாலும் வாங்கினார். பரிசோதனைக் கணினியில் பொருத்தி, கார்டின் முதுகில் சுமை ஏற்றும் செயலியை ஓடவிட்டார். திரையில் மயிர் முளைத்த வளையம் ஒன்று சுழன்றது. காற்றாடிகள் இரைந்தன. அலுவலக உதவியாளர் செல்லத்தம்பி ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன சேர் இது, றம்புட்டான் பழம் சுத்துது?"

"இதுதான் சுமைப் பரிசோதனை. கார்ட் எவ்வளவு தாங்கும் எண்டு பாக்கிற."

"அரை மணித்தியாலம் நிப்பாட்டாம ஓடணும் சேர்," என்றாள் ஸம்றா. "அப்பதான் பழுது தெரியும்."

"அதுக்கென்ன தங்கச்சி, நாள் முழுக்க ஓட்டுவம்."

வளையம் சுழன்று கார்ட் இளஞ்சூடு ஆனபோது தேநீர் நேரம் வந்தது. பரிசோதனை அறையில் நல்ல பிளக் ஒன்றுதான். கேத்தலைப் போட்டால் கணினியைக் கழற்ற வேண்டும். கழற்றினார்கள். பிளேன்டீ குடித்து முடித்துத் தொடங்கினால், பணிப்பாளர் முத்தலிப் உள்ளே வருகிறார். அவர் வரும்போது இயந்திரம் இரையக்கூடாது என்பது அங்கே வழக்கம். நிறுத்தினார்கள். எல்லாரும் எழுந்தார்கள். அவர் போனதும் தொடங்கினால், 'பரிசோதனை நடைபெற்றபோது' என்று முகநூலில் போடுவதற்குப் படம் எடுக்கவேண்டும். ஓடுகிற திரை படத்தில் கோடு கோடாக விழுமென்று நிறுத்திவிட்டு, பரிசோதிப்பது போல எல்லாரும் நின்றார்கள். லுஹர் தொழுகைக்கு நிறுத்தியதில் ஸம்றாவுக்குக் குறையில்லை. அவளும் தொழுதுவிட்டு உடனே வந்து கதிரையில் உட்கார்ந்தாள். அவர்கள் தொழுத கையோடு சாப்பிட்டு, சாப்பிட்ட கையோடு கண்ணயர்ந்து, அஸர் தொழுகைக்கு அதே பள்ளிவாசலில் எழும்பி, அதையும் தொழுதுவிட்டுத்தான் வந்தார்கள்.

கார்ட் ஒவ்வொரு முறையும் சூடேறப் பார்த்தது. ஒவ்வொரு முறையும் நிலையம் அதற்கு ஓய்வு கொடுத்தது. இப்படியான ஓய்வு அந்தக் கார்டுக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. பின்னேரம் பார்த்தால் முன்பைவிடப் பளபளப்பாக இருந்தது.

றாஸிக் சீலைக் குத்தினார். 'பழுது காணப்படவில்லை. சித்தி.'

ஸம்றா கார்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பணிப்பாளரின் அறைக்குப் போனாள். ஏ.சி. குளிரில் கம்பளிச் சட்டை போட்டிருந்த முத்தலிப், கதிரையைக் காட்டினார்.

"சேர், இடையில நிப்பாட்டினா கார்ட் ஆறிப் போகும். ஆறினா பழுது வராது. ஒரே மூச்சில ஒருக்கா ஓட்டச் சொல்லுங்க சேர். என்ட மாப்பிள்ள திரும்ப வெளிநாட்டுக்குப் போக வேண்டி வந்திரும்."

முத்தலிப் வருத்தத்தோடு தலையசைத்தார். அவர் வருத்தப்படுவதில் தேர்ந்தவர்.

"மகள், நீங்க படிச்ச புள்ள, ஒங்களுக்கு வெளங்கும். சூடானா பழுதாகும் எண்டு தெரிஞ்ச சாமானச் சூடாக்கிற ஞாயமா? காய்ச்சக்காரன வெயில்ல ஓடவிட்டுப் பாக்கிற டொக்டர் எங்கயாவது இரிக்காரா? நாங்க பொருளப் பாதுகாக்கிற நிலையம்."

"பழுதக் கண்டுபிடிக்கிற நிலையம் எண்டுதான் சேர் வந்தன்."

"கண்டுபிடிக்கலாம். எங்களுக்கு ஏலாம இல்ல. ஆனா பழுது எண்டு எழுதினா அறிக்க எழுதணும். அறிக்க எழுதினா கொழும்பில இருந்து விசாரிக்க வருவாங்க. வந்தா, மத்த சாமான எல்லாம் எப்பிடிச் சித்தியாக்கினீங்க எண்டு கேப்பாங்க. ஒரு சாமான் பெயிலானா ஆயிரம் சாமான்ட மானம் போகும். ஒங்கட ஒரு கார்டுக்காக அத்தின பேர்ட சாமானயும் கெடுக்கச் சொல்றீங்களா? சித்தி எண்டா ஒரு சீல். எல்லாருக்கும் சந்தோசம். நீங்க சந்தோசப்படாட்டி அது ஒங்கட சுபாவம்."

மேன்முறையீடு செய்ய வழி இருப்பதாகவும் சொன்னார். நிலையத்தின் முடிவில் குறை கண்டவர்கள் நிலையத்திடமே மேன்முறையீடு செய்யலாம்.

அடுத்த கிழமை மேன்முறையீட்டுக் குழு கூடியது. குழுவுக்கு வேர்க்கக்கூடாது என்பதால் பரிசோதனையைப் பணிப்பாளரின் ஏ.சி. அறையில் வைத்தார்கள். அந்தக் குளிரில் சூடேற வேண்டுமானால் கார்டுக்கு நெருப்புத்தான் வைக்கவேண்டும். குழுவின் தலைவர் முகைதீன்பாவா, நெல் கொள்வனவில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். கார்டின்மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"காய்ச்சல் இல்லயே."

"ஓடினாத்தான் வரும் சேர்."

அவர் கார்டை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். காதருகே குலுக்கினார். பிறகு, அத்தனை வருடப் பழக்கம், கார்டின் மூலையை வாயில் வைத்து ஒரு கடி கடித்தார். களத்தில் நெல்லைக் கடித்தே ஈரம் சொல்லுகிற பல்.

"ஈரம் இல்ல," என்றார். "நல்லாக் காஞ்சிரிக்கி. மூட்ட கட்டலாம்."

"சேர், அது நெல்லில்ல!"

"தெரியும் புள்ள. நெல்லெண்டா நான் ரெண்டு கடி கடிப்பன்."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. இருட்டில், கரண்ட் இல்லாத நேரத்திலும் கார்ட் எந்தப் பழுதும் காட்டாமல் அமைதியாக இருந்ததைக் குழு விசேடமாகக் கவனத்தில் எடுத்தது. இரண்டாவது சீல் முதலாவதைவிடப் பெரிதாக இருந்தது.

வீட்டில் முர்ஷித் பயணப் பையைத் தட்டிலிருந்து இறக்கியிருந்தான். தூசு தட்டப் போவதாகச் சொன்னான். ஹனா அதற்குள் ஏறி உட்கார்ந்து, "வாப்பா, தள்ளுங்க" என்றது. அவன் பையை வீடு முழுக்க இழுத்து ஓட்டினான். ஸம்றா குசினிக்குள் நின்றுகொண்டாள்.

"இஞ்சாருங்க, இன்னும் ரெண்டு கிழம இரிக்கி," என்றாள் உள்ளேயிருந்து.

"ஓம் புள்ள. நான் தூசிதானே தட்டுறன்."

மறுநாள் காலையில் முத்தலிப் அவளைத் தேடி ஆள் அனுப்பினார். கார்டைப் பற்றியல்ல, நிலையத்தின் ஆண்டு விழாவைப் பற்றி. கொழும்பிலிருந்து மேலதிகச் செயலாளர் பிரதம அதிதியாக வருகிறார். அவருக்கு முன்னால், இனிமேல் கட்டவிருக்கிற நிலையத்தின் பத்து மாடிக் கட்டடம் பெரிய திரையில் சுழன்றுகொண்டே இருக்கவேண்டும். பணிப்பாளர் அதற்கு முன்னால் நின்று உரையாற்ற வேண்டும்.

"படமா எடுத்துத் தந்தா ஆடுது, துள்ளுது எண்டு றாஸிக் சொல்றார். நேரடியாகவே சுத்தணும். அதுக்கு நல்ல கார்ட் வேணுமாம். ஒங்கட கார்ட்தான் இந்தப் பிராந்தியத்திலயே ரெண்டு சீல் வாங்கின கார்ட்."

"எவ்வளவு நேரம் சேர் கதைப்பீங்க?"

"சுருக்கமாத்தான். போன முற ரெண்டு மணித்தியாலம். அதுவே காணாது, இன்னும் கதைங்க எண்டாங்க ஆக்கள்."

"இடையில தேத்தண்ணிக்கு நிப்பாட்டுவீங்களா?"

முத்தலிப் திகைத்துப்போய்ப் பார்த்தார். "என்ட பேச்சயா?"

அந்த இடத்தில்தான் ஸம்றாவுக்கு விளங்கியது. தேநீருக்கு நிற்காத, கரண்டுக்கு நிற்காத, யார் உள்ளே வந்தாலும் நிற்காத காரியம் அந்த நிலையத்தில் ஒன்றே ஒன்று உண்டு. அவள் பத்து மாடியைக் கட்டினாள். கார்டின் முதுகு முறிய வேண்டுமென்று ஒவ்வொரு ஜன்னலுக்கும் கண்ணாடி போட்டு, ஒவ்வொரு கண்ணாடியிலும் கடல் தெரிய வைத்து, கடலில் அலையும் அலையில் தோணியும் விட்டாள்.

விழாவன்று ஜெனரேட்டர் வந்திருந்தது. கேத்தலுக்கு விடுமுறை. எழுந்து போகிறவர்கள் உரையைக் குழப்பக்கூடாதென்று கதவுகளைச் சாத்தி, ஒரு கதவில் செல்லத்தம்பியை நிறுத்தியிருந்தார்கள். குர்ஆனிலிருந்து கிறாஅத் ஓதி, வரவேற்று, பொன்னாடை போர்த்தி முடிந்ததும் பணிப்பாளர் எழுந்தார். அவருக்குப் பின்னால் பத்து மாடியும் மெதுவாகச் சுழலத் தொடங்கியது.

முத்தலிப் உலகத்தில் இரும்பு கண்டுபிடிக்கப்பட்ட காலத்திலிருந்து தொடங்கினார். ஸம்றா திரைக்குப் பக்கத்தில் கணினியோடு இருந்தாள். காற்றாடிகளின் இரைச்சல் ஏறுவது அவளுக்குக் கேட்டது. கடைசி வரிசையில் முர்ஷித், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். பணிப்பாளர் மின்சாரத்துக்கு வந்தபோது கார்ட் கொதித்தது. நிலையத்தின் தேவைக்கு வந்தபோது பிளாஸ்டிக் மணம் அடித்தது. அந்த மண்டபத்தில் வேர்க்காதவர் பிரதம அதிதி ஒருவர்தான். அவரைச் சுற்றி நான்கு விசிறி.

"ஆகவே பெருமையோடு சொல்கிறேன். எமது நிலையத்தில் சித்தி பெற்ற எந்தவொரு பொருளும், எந்தவொரு சந்தர்ப்பத்திலும், எவர் முன்னிலையிலும்..."

பத்து மாடிக்கும் நடுவால் பச்சைக் கோடு ஒன்று போனது. அதன் பின்னால் ஊதாக் கோடு. நான்காம் மாடி கழன்று கடலுக்குள் இறங்கியது. தோணிகள் வானத்தில் ஓடின. பிறகு திரை கறுத்தது.

முத்தலிப்புக்கு முதுகில் கண் இல்லை. அவர் தொடர்ந்தார். சபை இதை ஒரு வித்தையென்று நினைத்துக் கைதட்டியது. அவர் தன் பேச்சுக்கென்று நினைத்துத் தலைகுனிந்தார்.

ஸம்றா எழுந்தாள்.

"சேர், இதுதான் அந்தப் பழுது. இது ஒங்கட ரெண்டு சீல் குத்தின கார்ட். எல்லாரும் கண்டாங்கதானே. இப்பயாவது பெயில் எண்டு எழுதித் தாங்க."

பிரதம அதிதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முத்தலிப் திரும்பித் திரையைப் பார்த்தார், சபையைப் பார்த்தார், ஒரு மூச்சு விட்டார்.

"கௌரவ அதிதி அவர்களே, சபையோரே! இப்போது நீங்கள் கண்டது எமது நிலையத்தின் நேரடிச் சுமைப் பரிசோதனை. ஏனைய நிலையங்களில் பழுதை மூடிய அறைக்குள் தேடுவார்கள். நாம் உங்கள் முன்னிலையில் கண்டுபிடிக்கிறோம். ஓர் உரை எவ்வளவு சுமையானது என்பதை இன்று நாம் விஞ்ஞான ரீதியாக நிரூபித்திருக்கிறோம்!"

இம்முறை கைதட்டலுக்குக் கூரைத் தகரம் அதிர்ந்தது. பிரதம அதிதி எழுந்து பணிப்பாளரைக் கட்டிப்பிடித்தார். அந்த இடத்திலேயே பெயில் சீல் குத்தப்பட்டது. புத்தம்புதிய சீல், இதுவரைக்கும் மையே காணாதது. ஸம்றாவின் கைக்கு அத்தாட்சி வந்தது. கடைசி வரிசையில் முர்ஷித் பிள்ளையைத் தூக்கிக் காட்டினான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

கார்டைக் கழற்றப் போனபோது றாஸிக் மெதுவாகத் தடுத்தார்.

"அத இனித் தொடக்கூடாது தங்கச்சி. நிலையத்தில பெயிலான முதல் பொருள். சான்றுப்பொருளாப் பாதுகாக்கச் சொல்லி அதிதி உத்தரவு போட்டுட்டார்."

"அப்ப கடையில என்னத்தக் குடுக்கிற?"

"ஒங்கட கையில அத்தாட்சி இரிக்கிதானே."

இப்றாஹிம் ஹாஜியார் அத்தாட்சியைக் கண்ணாடி போட்டுப் பார்த்து, பரவசப்பட்டுப் போனார். நிலையத்தில் பெயில் வாங்கிய ஆளை அவர் கண்டதேயில்லை. சுற்றுக் கடைக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"சரி மகள், கார்டத் தாங்க."

ஸம்றா நடந்ததைச் சொன்னாள். ஹாஜியார் அத்தாட்சியை மடித்து அவளுடைய கையில் வைத்தார்.

"பழைய கார்ட் இல்லாம கம்பனிக்காரன் புதுசு தர மாட்டானே மகள். முந்தி கார்ட் இருந்திச்சி, சீல் இல்ல. இப்ப சீல் இரிக்கி. நான் என்ன செய்யட்டும்?"

மாதம் முடிந்தது. உத்தரவாதமும் முடிந்தது. ஹோட்டல் வேலை வேறு நாட்டுக்குப் போனது. பயணப் பையின் தூசு போய் அதில் சட்டைகள் ஏறின. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகிற வேனில் முர்ஷித் ஏறியபோது ஹனா அவன் கழுத்தை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

சில கிழமைக்குப் பிறகு ஸம்றா கடைசி முறையாக நிலையத்துக்குப் போனாள், பிள்ளையையும் தூக்கிக்கொண்டு. வாசல் பதாகை இப்போது 'நூறு வீதம் சித்தி (ஒன்று நீங்கலாக)' என்றிருந்தது. உள்ளே, கண்ணாடிப் பெட்டிக்குள், சிவப்பு வெல்வெட்டில் கார்ட் கிடந்தது. அதற்கென்று தனி ஏ.சி. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

முத்தலிப் அவளை மகிழ்ச்சியோடு வரவேற்றார்.

"பாத்தீங்களா மகள், எப்பிடி வெச்சிரிக்கம்! ஒங்கட வீட்டில இந்தக் குளிர் அதுக்குக் கெடைக்குமா?"

"அதத் தாங்க சேர். நான் வேற எங்கயாவது குடுத்துத் திருத்திப் பாக்கிறன்."

"திருத்தினா அது பெயில் இல்லாமப் போயிருமே. பிறகு எங்கட அத்தாட்சிக்கு என்ன மதிப்பு?"

அப்போது ஸம்றாவின் கையிலிருந்த போன் அடித்தது. ஹனா அதைப் பறித்து, "வாப்பா!" என்று முத்தமிட்டு, கன்னத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டது.

முத்தலிப் குனிந்து பிள்ளையின் தாடையைத் தடவினார்.

"வாப்பா எங்க, கிளி?"

ஹனா போனைக் காட்டியது.

"மாஷா அல்லாஹ். நல்லாப் பாவிச்ச போன் போல." அவர் கையை நீட்டினார். "இஞ்ச தாங்க பாப்பம். ஒருக்காப் பரிசோதிச்சுத் தாறம்."

பிள்ளை அவரைப் பார்த்தது. கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தது. பிறகு போனைச் சட்டைக்குள் போட்டு, இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, கட்டடம் அதிரக் கத்தியது. நிறுத்தாமல் கத்தியது. பணிப்பாளரின் பேச்சுக்கு அடுத்து, அந்த நிலையத்தில் இடைவிடாமல் நடந்த இரண்டாவது காரியம் அதுதான். தேநீர் வந்தது, போனது. ஸம்றா பிள்ளையை அடக்கவில்லை.